வடகோடி ஏரிகளும் கோடை மீன்வேட்டமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மாதக் கூட்டங்களில் இலக்கியப் பொருளும் ஒழுக்கப் பொருளும் பேசப்பெறுதல் வழக்கம். இன்று யான் அவ்வழக்கினின்றும் சிறிது விலகி, மிக்க சேய்மையிலுள்ள கனடா நாட்டு வடபால் ஏரிகளில், நடுக்கோடையில் நிகழும் மீன்வேட்டத்தைப் பற்றிச் சில சொல்லப் புகுந்தேன். தமிழாசிரியனுக்கும் தூண்டிற்கோலுக்கும் யாது தொடர்பு என்று சிலர் நகைக்கக்கூடும். யான் அந்நாடு சென்றவனல்லேன்; தூண்டில் பிடித்தவனுமல்லேன்; நூல்வழி அறிந்தவற்றையே கூறுகின்றேன். எனினும் அவ்வேரிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஒரு பொருளை நுகர்வது எப்படி, அதனை அழியாது வைப்பது எப்படி என்னும் பெரியதொரு வினா அதனுள் அடங்கிக் கிடக்கக் கண்டேன். அவ்வினா எல்லா நாட்டார்க்கும் பொதுவானது. ஆதலின் தங்கள் செவிகளைச் சிறிது நேரம் இரந்து வேண்டுகின்றேன்.

முதற்கண் நிலத்தின் இயல்பைக் காண்போம். கனடாவின் வடபாகம் மிகப் பழைய பாறைநிலம். பண்டைப் பனியூழியில் மாபெரும் பனிப்பாளங்கள் அப்பாறையை அரைத்துக் குடைந்தன. ஏறத்தாழ 10,000 ஆண்டுகட்கு முன் அவை உருகிப் பின்வாங்கியபோது, குடைந்த பள்ளங்களிலெல்லாம் நீர் நிறைந்து ஏரிகளாயின. 3 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏரிகளை மட்டும் எண்ணினும் அந்நாட்டில் அவை 31,000க்கு மிகுதியாம். இவற்றுள், முழுதும் கனடா நாட்டெல்லைக்குள் அடங்கிய ஏரிகளிற் பெரியது கிரேட் பேர் ஏரி; பெருங்கரடி ஏரி என்பது அப்பெயரின் பொருள். வட துருவ வட்டம் அவ்வேரியின்மீதே செல்கின்றது. பரப்பு ஏறத்தாழ 31,000 சதுர கிலோமீட்டர். ஆழம் 400 மீட்டருக்கு மேல். இத்துணைப் பெரிய நீர்நிலையின் கரையில் நிலைத்த ஊர் ஒன்றே உளது. அது டெலினே என்பது. சில நூறு மக்களே அதில் வாழ்கின்றனர். அவர்கள் டெனே என்னும் தொல்குடியினர்.

ஆண்டின் பெரும்பகுதி இவ்வேரி உறைந்து கிடக்கும். சூலைத் திங்களிலும் அதன் நடுவே பனிக்கட்டி மிதப்பதுண்டு. ஆகவே அந்நாட்டிற் கோடை என்பது சில வாரங்களே. ஆயின் அச்சில வாரங்களில் ஞாயிறு மறைவதில்லை. மறையினும் இருள் சூழ்வதில்லை. நள்ளிரவிலும் நூல் வாசிக்கத்தக்க ஒளி நிலவும். எட்டுத்திங்கள் உறங்கிய உயிர்களெல்லாம் அக்குறுங்கோடையில் ஒருசேர விழித்தெழுகின்றன. புல் முளைக்கும், பறவை முட்டையிடும், கொசுவும், கருவண்டு போன்றதொரு கடியீயும் புகைமண்டலம்போல் எழுந்து மனிதரை வாட்டும். அவ்வீக்களின் புழுக்களை மீன்கள் உண்ணும். துன்பந் தரும் அப்பூச்சியே மீனுக்கு உணவாதலால், அஃது இன்றேல் மீனும் இன்றென்க.

இவ்விடங்கட்குப் பாதையில்லை, புகைவண்டியில்லை. நீர்மீது இறங்கவல்ல மிதவை விமானங்களே ஊர்தி. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் முதன்முதற் பறந்த பீவர் என்னும் சிறு விமானம் இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் இத்தகைய விமானங்கள் பெருகவே, ஆளரவமற்ற ஏரிக்கரைகளில் மரக்குடில்களாலாய மீன்வேட்ட முகாம்கள் தோன்றலாயின. தென்பால் நகரங்களினின்றும், அமெரிக்க ஐக்கிய நாடுகளினின்றும் செல்வர்கள் ஒரு வார காலம் தங்கி மீன்பிடிக்க வருவர். ஒரு முகாம் ஆண்டில் ஏழெட்டு வாரமே திறந்திருக்கும். அவ்வேழெட்டு வார வருவாயைக்கொண்டே ஆண்டு முழுதும் நிற்றல் வேண்டும். எண்ணெயும் மாவும் படகின் பொறியும் ஆணியும் எல்லாம் வான்வழியே வருதலின், அங்கு ஒவ்வொரு பொருளும் விலையேறப்பெற்றது.

விருந்தினரைப் படகில் ஏற்றிச் செல்பவர் வழிகாட்டிகள். இவர்களிற் பலர் அந்நிலத்துத் தொல்குடியினரே. எந்தப் பாறை நீருள் மறைந்துள்ளது, எக்காற்று எந்நேரம் திரும்பும், எக்குடாவில் எம்மீன் கிடக்கும் என்பனவெல்லாம் அவர்கட்குத் தந்தையரும் பாட்டன்மாரும் கற்பித்த கல்வி. பெருங்கரடி ஏரியிற் புயல் எழுமாயின் கடலிற் போன்றே அலை புரளும். நீரோ உறைநிலைக்குச் சற்றே மேற்பட்ட குளிர்ச்சியது. அதில் வீழ்ந்தவன் நெடுநேரம் கைகால் அசைக்கமாட்டான். ஆதலால் ‘இன்று புறப்படுதல் ஆகாது’ என்று வழிகாட்டி சொல்வாராயின், எத்துணைச் செல்வரும் அச்சொல்லுக்கு அடங்கியே தீரல் வேண்டும்.

நண்பகலில் படகைக் கரைசேர்த்துச் சமைத்துண்ணுதல் இம்முகாம்களின் பழைய வழக்கம். காலையிற் பிடித்த மீனில் ஒன்றிரண்டை வழிகாட்டி முள் நீக்கிக் கீறி, விறகுத் தீயில் கொழுப்பிட்டுப் பொரித்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து இலையும் பந்தியுமின்றிப் பாறைமீதே பரிமாறுவார். விருந்தினர் நெடுநாள் நினைந்து பேசுவது பெரும்பாலும் இவ்வுணவைப் பற்றியேயாம்.

இனி, அவ்வேரிகளின் மீன்களைப் பற்றிச் சிறிது கூறுவன். அங்கே சிறந்தன நான்கு: ஏரி டிரவுட், பைக், வால்-ஐ, கிரேலிங் என்பன. டிரவுட் என்னும் சொல் நம்மவர்க்கு முற்றும் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் நீலகிரியின் குளிரோடைகளில் அவ்வினத்து மீனொன்றைக் கொணர்ந்து விட்டனர். ஆயின் வடநாட்டு ஏரி டிரவுட் அதனினும் மிகப் பெரியது, வேறானது.

பைக் என்பது நீண்ட அலகும் கூரிய பற்களும் உடையது. நீர்ப்பாசியினுள் அசையாது ஒளிந்திருந்து இரைமேல் அம்புபோற் பாய்வது. நடுக்கோடையில் வெயிலாற் சிறிது வெதுவெதுப்பாகும் ஆழமற்ற குடாக்களில் அது மிகுதி. வால்-ஐ என்பதன் கண்ணுள் ஒளியை மீளச் செலுத்தும் படலமொன்று உண்டு. பூனைக்கண் போன்று அது மின்னும். மங்கிய ஒளியில் நன்கு காணவல்லதாதலின், அந்திப்பொழுதே அதன் வேட்டைக்காலம். இது சற்றுத் தெற்கேயுள்ள ஏரிகளுக்கு உரியது. கிரேலிங் பாய்மரம் போன்ற பெரிய முதுகுத் துடுப்பினை உடையது. தெளிந்த ஓடைகளில் நீர்மேல் விழும் பூச்சிகளைக் கவ்வுவது.

ஏரி டிரவுட் குளிர்ந்த நீரையே விரும்பும். தெற்கேயுள்ள ஏரிகளிற் கோடையில் மேல்நீர் வெப்பமுறும். அடிநீர் குளிர்ந்தே நிற்கும். இரண்டும் எளிதிற் கலவா. அப்போது டிரவுட் ஆழத்தில் இறங்கிவிடும். அதனைப் பிடிப்போர் ஈயக்குண்டு கட்டித் தூண்டிலை நெடுந்தொலைவு தாழ்த்துவர். பெருங்கரடி ஏரியிலோ மேல்நீரே கோடை முழுதும் குளிர்ந்திருத்தலின், மிகப்பெரிய டிரவுட்டும் கரையோரப் பாறைகளினிடையே உலவும். கையெட்டும் ஆழத்தில் அப்பெருமீனைக் காணலாகும் என்பதே உலகின் பல பகுதியினின்றும் வேட்டமாடுவோரை அங்கு ஈர்க்கின்றது. 1995ஆம் ஆண்டில் 72 பவுண்டு நிறையுள்ள டிரவுட் ஒன்று அவ்வேரியில் தூண்டிலில் அகப்பட்டது.

பெரியோர்களே! இங்கேதான் யான் சொல்லவந்த செய்தியின் உயிர்நிலை உளது. அத்துணைப் பெரிய மீன் விரைந்து வளர்ந்த மீனன்று. குளிர்நீரில் உணவு அரிது. உடலின் இயக்கமும் மெல்லிது. அங்குள்ள டிரவுட் முட்டையிடும் பருவம் எய்துதற்கே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன் பின்னரும் அஃது ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. இரண்டாண்டுக்கோ மூன்றாண்டுக்கோ ஒருமுறை இலையுதிர் காலத்தில் பாறையிடுக்குகளில் இடும். ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த மீன்களும் அறியப்பட்டுள்ளன. நாற்பது வயதுடைய ஒருவன் தூண்டிலிலே பிடித்துத் தூக்கிப் படமெடுக்கும் மீன், அவனுக்கு அண்ணனாகவும் இருக்கலாம்! ஒரு நாழிகையில் அதனைக் கொன்றுவிடலாம். அதன் இடத்தில் அதற்கு ஒப்பான மற்றொன்று வந்து நிற்க ஒரு தலைமுறை கழியவேண்டும்.

ஏரி பெரிது, மீன் பலவாக இருக்கும் என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பொய்யென்பதற்குச் சான்றுகள் உள. கிரேட் ஸ்லேவ் ஏரி பெருங்கரடி ஏரிக்குத் தெற்கே உள்ளது. 614 மீட்டர் ஆழமுடைய அதுவே வட அமெரிக்காவின் மிக ஆழமான ஏரி. அதில் 1945ஆம் ஆண்டு வலைகொண்டு வாணிப மீன்பிடி தொடங்கிற்று. மேற்குப் பகுதியில் டிரவுட் சில பத்தாண்டுகளிலேயே மிகவும் அருகிவிட்டது. இன்னும் தெற்கே, கடல்போற் பரந்த மிச்சிகன் ஏரியில் மிகையான வலைவீச்சும், கால்வாய் வழியாகப் புகுந்த லாம்ப்ரே என்னும் குருதியுறிஞ்சி மீனும் கூடி, 1950ஆம் ஆண்டுகளின் நடுவில் டிரவுட் இனத்தையே ஏறக்குறைய வேரறுத்தன. ஆகவே பெருமையும் ஆழமும் காப்பல்ல, சேய்மையும் காப்பன்று.

இல்லறம் நடத்தும் தாய்மார்கட்கு இது நன்கு விளங்கும். முதலை வைத்துக்கொண்டு வட்டியை உண்பது ஒரு வாழ்வு. முதலையே உண்பது மற்றொரு வாழ்வு. இரண்டாவது சில நாள் மிகுந்த செழிப்பாகத் தோன்றும். வெப்ப நாட்டுக் குளத்து மீனுக்கு வட்டி மிகுதி. ஓராண்டில் அது பெருகும். வடகோடி ஏரியில் முதல் பெரிது, வட்டியோ மிகச் சிறிது. முகாமுடையார் இதனை அனுபவத்தால் உணர்ந்தனர். பெருமீன் ஒழிந்தால் விருந்தினர் வாரார். விருந்தினர் வாராவிடில் குடிலும் விமானமும் வீண். ஆகவே பிடித்த பெருமீனை மீள நீரிலே விடுதல் என்னும் முறை அங்கே மெல்ல மெல்ல நிலைபெற்றது. தூண்டில்முள்ளின் உட்புறத்தே, மீன் நழுவாதிருக்க ஓர் எதிர்க்கூர் இருக்குமன்றோ? அஃதில்லாத முள்ளையே வழங்கவேண்டும் என்று மானிட்டோபா மாகாணம் 1990ஆம் ஆண்டில் விதித்தது. அம்முள்ளை மீனின் வாயினின்றும் எளிதிற் கழற்றலாம்.

விடுதற்கும் ஒரு நெறியுண்டு. உலர்ந்த கையால் தொட்டால் மீனின்மேலுள்ள வழுவழுப்பான காப்பு நீங்கி நோய் பற்றும். ஆதலால் கையை நனைத்தல் வேண்டும். செவுளிற் கைவிட்டுத் தொங்கவிடல் ஆகாது. இயன்றவரை நீரினுள் வைத்தே முள்ளைக் கழற்றி, அது தானே வாலசைத்துச் செல்லுமளவும் தாங்கிப் பிடித்தல் வேண்டும். ஆழத்தினின்றும் விரைவாக ஏற்றப்பட்ட மீனின் நீந்துபை காற்றால் வீங்கும். டிரவுட் அக்காற்றை வாய்வழியே வெளியிடவல்லது. வால்-ஐ மீனுக்கு அவ்வழி இல்லை. ஆகவே ஆழத்திற் பிடித்த வால்-ஐயை விடுவித்தும் அது பிழையாது போதல் உண்டு.

இம்முறையை நகரத்தார் பெரிய அருட்செயலென்று போற்றுவர். ஆயின் வடநிலத்துத் தொல்குடிப் பெரியோர் பலர் இதனை ஒப்புவதில்லை. அவர்கள் கருத்து யாதெனின்: மீன் மனிதனுக்குத் தன்னையே உணவாகத் தருகின்றது, பசித்தவன் நன்றியோடு அதனை ஏற்கவேண்டும், பசியுமின்றி, உண்ணும் எண்ணமுமின்றி, வாயிலே முள்ளேற்றி இழுத்து அலைக்கழித்துப் பின் விடுவது உயிரோடு விளையாடுதலாகும், அவமதிக்கப்பட்ட மீன் அவ்விடம் விட்டகலும் என்பதாம். கேட்பதற்கு இது பழைய நம்பிக்கையாகத் தோன்றினும், எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. விடப்பட்ட மீன்களிற் சில பின்னர் இறக்கின்றன என்பதை மீனியல் ஆராய்ச்சியாளரும் ஒப்புக்கொள்வர். ஒருவன் ஒருநாளில் நூறு மீன் பிடித்து நூற்றையும் விட்டேன் என்று பெருமை பேசலாம். அவனறியாமல் அவனாற் சில இறந்திருக்கும். மற்றொருவன் இரண்டு பிடித்து உண்டு தூண்டிலைச் சுருட்டி வைக்கின்றான். இவ்விருவருள் ஏரிக்கு நன்மை செய்தவர் யாவர்?

இவ்விரு கொள்கைகளையும் நடுநின்று நோக்கின், இரண்டும் ஒரு புள்ளியிற் கூடுவதைக் காணலாம். அப்புள்ளி ‘போதும்’ என்னும் சொல்லே. நகரத்தான் பெருமீனை விடுவது நாளைக்கு வேண்டுமென்று; தொல்குடியான் வேண்டாத மீனைத் தொடாதிருப்பது அதன்பால் மதிப்புண்டென்று. உண்ணச் சிறுமீனில் வேண்டுமளவே எடுத்தல், முதிர்ந்த பெருமீனை வாழவிடுதல், உணவுக்கும் உவகைக்கும் அளவு கண்டபின் தூண்டிலைச் சுருட்டுதல்: இம்மூன்றும் கைக்கொள்ளப்படுமாயின் இரு திறத்தார்க்கும் பூசலில்லை. சிறுமீனை உண்பதே உடலுக்கும் நன்று. நீரிலுள்ள பாதரசம் ஆண்டுதோறும் மீனின் தசையிற் சேர்தலின், முதிர்ந்த பெருமீனில் அது மிகுதி.

பாதரசம் என்றவுடன் உள்ளத்தை வருத்தும் ஒரு வரலாற்றைச் சொல்லாது செல்ல இயலவில்லை. ஆன்டேரியோ மாகாணத்தின் வடமேற்கில் வாபிகூன், இங்கிலிஷ் என்னும் ஆறுகள் பல ஏரிகளைக் கோத்துச் செல்கின்றன. அங்கே கிராஸி நாரோஸ் என்பது அனிஷினாபே என்னும் தொல்குடியினரின் ஊர். வால்-ஐ மீனுக்குப் பெயர்பெற்ற அவ்வேரிகளின் முகாம்களில் அவ்வூர் ஆடவர் வழிகாட்டிகளாகவும், பெண்டிர் பிற பணியாளராகவும் இருந்து நன்கு வாழ்ந்தனர். அவ்வாற்றின் மேற்பாகத்தில், பல காதத்துக்கு அப்பால், டிரைடன் நகரில் காகிதக்கூழ் ஆலையைச் சார்ந்த ஓர் இரசாயனச்சாலை 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9,000 கிலோகிராம் பாதரசத்தை ஆற்றிற் கலந்தது. ஆற்றடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைக் கொடிய நஞ்சாக மாற்றின. நுண்ணுயிரைப் புழு உண்டது. புழுவைச் சிறுமீனும், சிறுமீனை வால்-ஐயும் உண்டன. வால்-ஐயை மனிதர் உண்டனர். படிதோறும் நஞ்சு செறிந்து பெருகிற்று.

1970ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. மீன்பிடித் தொழில் தடுக்கப்பட்டது, முகாம்கள் மூடப்பட்டன, வழிகாட்டிகள் ஒரே பருவத்தில் வேலையிழந்தனர். விருந்தினர் வேறு ஏரி தேடிச் சென்றனர். ஊராரோ எங்குச் செல்வர்? உண்ணாதே என்று விலக்கிய மீனையே வேறுணவில்லாமையால் உண்டவரும் உளர். சப்பான் நாட்டு மினமாட்டாவில் 1956ஆம் ஆண்டு வெளிப்பட்ட பாதரச நோயை ஆராய்ந்த மருத்துவர் மசஸுமி ஹரடா 1975ஆம் ஆண்டு இவ்வூர்க்கு வந்து, அந்நோயின் குறிகளை இங்கும் கண்டார். கைகால் நடுக்கம், கண்பார்வை குறுகுதல், நடை தள்ளாடுதல் ஆகியன அவை. 1985ஆம் ஆண்டில் இழப்பீட்டு உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. 2017ஆம் ஆண்டிலேதான் ஆற்றைத் தூய்மை செய்ய மாகாண அரசு 85 மில்லியன் டாலர் ஒதுக்க உறுதி கூறிற்று. நஞ்சிட்ட காலம் எட்டாண்டு. அதன் பயனை நுகர்ந்த காலம் அரை நூற்றாண்டுக்கு மேல்.

மாணவச் செல்வங்களே! இதனை நன்கு உன்னுங்கள். அவ்வழிகாட்டிகள் பேராசையால் மீனை அழித்தவரல்லர், அளவறிந்து வாழ்ந்தவரே. ஆயினும் அவர்கள் கேடுற்றனர். ஏனெனில், நீர் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வது. மேற்பாகத்தில் இருப்பவன் கீழ்ப்பாகத்தில் இருப்பவன் முகத்தைக் காண்பதில்லை. தன் கண்ணுக்குத் தோன்றாதவனுக்கும் தான் கடமைப்பட்டவன் என்னும் உணர்ச்சியில்லாதவன் கையில் எந்த ஆறும் பிழையாது. தூண்டிலிற் காட்டும் அடக்கம் ஒருபுறம் வேண்டும். ஆலையிற் காட்டும் அடக்கம் அதனினும் வேண்டும்.

முடிவாக, பெருங்கரடி ஏரிக்கே மீளுவோம். டெலினே ஊர்ப் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்றுண்டு. முன்னோருள் ஒருவர் ஏரியில் தூண்டில்கள் இட்டுவைத்தார். அவற்றுள் ஒன்று காணாமற்போயிற்று. அதனைத் தேடி நீரின் அடியிற் சென்றவர், ஆங்கே மாபெரும் நெஞ்சம் ஒன்று துடித்துக்கொண்டிருக்கவும், மீன்களெல்லாம் அதனைச் சூழ்ந்து நின்று காக்கவும் கண்டார். அந்நெஞ்சமே ஏரிக்கும், நிலத்துக்கும், உயிர்கட்கும் உயிர்தருவதென்று அம்மக்கள் கொள்வர். அவர்கள் இதனைக் கதையளவில் வைத்துவிடவில்லை. 2005ஆம் ஆண்டில் அந்நெஞ்சின் பெயராலேயே ஏரியைக் காக்கும் திட்டமொன்றை வகுத்தனர். 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வேரியையும் சுற்றுப்புறத்தையும் உயிர்க்கோளக் காப்பிடமாக ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பர் முதல்நாள் டெலினே மக்கள் தம் ஊராட்சியைத் தாமே நடத்தும் உரிமையும் பெற்றனர். சில நூறு மக்களே கொண்ட ஊர் கடலனைய ஏரிக்குக் காவலாய் நிற்கின்றது!

தொலைவிலிருந்து வரும் விருந்தினன் ஒரு வாரம் அவ்வேரியிற் களித்துச் செல்கின்றான். அவன் கொண்டுபோவது ஒரு படமும் ஒரு நினைவுமே. அந்நினைவு கிடைத்ததற்குக் காரணம், அவனுக்கு முன் வந்தவன் ஐம்பதாண்டு மீனை நீரில் விட்டுச் சென்றது. அவனுக்கும் முன்னே அக்கரையில் வாழ்ந்தவன் வேண்டாததைத் தொடாதிருந்தது. நாம் நுகரும் நன்மைகளிற் பெரும்பாலான, யாரோ ஒருவர் எடுக்காமல் விட்டுச் சென்றவை. எடுத்தவன் பெயர் எடையோடும் ஆண்டோடும் எழுதப்படும். விட்டவன் பெயர் எழுதப்படுவதில்லை. எனினும் ஏரி நிலைபெறுவது விட்டவனாலேயே.